கிழமை தெரிந்த கப்பல்

2021 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இடையே வழக்கமான பயணிகள் விமானச் சேவை நவம்பர் 29 முதல் மீண்டும் தொடங்கும் என்று சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. சென்னை, டெல்லி, மும்பை ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் நாளுக்கு இரண்டு விமானம், மொத்தம் ஆறு. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் ‘பயணத்தடம்’ என்ற ஏற்பாட்டில் தனிமை உத்தரவு இல்லாமல் வரலாம். அன்று மாலைக்குள் பஃப்ளோ ரோட்டில் பூக்கட்டுபவர் முதல் டன்லப் ஸ்திரீட்டில் பணம் அனுப்பும் கடைக்காரர் வரை எல்லாருக்கும் செய்தி தெரிந்துவிட்டது.

தனிமை உத்தரவு இல்லை என்பதைத்தான் பெரும்பாலோர் கொண்டாடினார்கள். என் கண் நின்ற இடம் வேறு. நாளுக்கு இரண்டு என்று எண்ணிக்கை சொல்லியிருக்கிறார்கள், தொடங்கும் தேதி சொல்லியிருக்கிறார்கள், எந்த ஊர் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்பு கோவிட்டால் வழக்கமான சேவை நின்றிருந்த இருபது மாதமும் விமானங்கள் அறவே பறக்காமல் இல்லை. சிறப்பு விமானங்கள் வந்துபோயின. ஆனால் அடுத்தது எந்தக் கிழமை, அதில் நமக்கு இடம் உண்டா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விமானம் இருப்பது வேறு, கிழமை தெரிந்து விமானம் இருப்பது வேறு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் டிக்கெட் போட்டே காலம் தள்ளியவன் என்பதால் இந்த வித்தியாசம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

சிங்கப்பூர்த் தமிழர்களின் வரலாற்றை எழுதுபவர்கள் கோயில், பள்ளிக்கூடம், பத்திரிகை, சங்கம் என்று எழுதுகிறார்கள். எல்லாம் சரிதான். அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கால அட்டவணை இருக்கிறது. அது ஓடியபோது இங்கிருந்தவர்களுக்கு ஊர் பக்கத்தில் இருந்தது, நின்றபோது தூரமாகிவிட்டது. அந்த அட்டவணையின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதல் அட்டவணையை எழுதியது காற்று. பாய்மரக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்கா நீரிணைக்கு வருவதென்றால் தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்பார்க்க வேண்டும். திரும்பிப்போக வடகிழக்குக் காற்று வர வேண்டும். நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை மரைக்காயர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 1819இல் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது பினாங்கிலிருந்து அவரோடு ‘இந்தியானா’ கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. அவர் முயற்சியில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. அதே காலத்தில், 1828க்கும் 1830க்கும் இடையில், தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. கடல் மண்ணால் நிரப்பப்படும் முன்பு அந்தத் தெருதான் கரை. நாகூர் ஆண்டவர் கப்பல்காரர்களைக் காப்பவர் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள், கால் வைத்த இடத்திலேயே அவருக்கு ஒரு நினைவிடம் எழுப்பினார்கள். வந்து சேர்வது எவ்வளவு நிச்சயமில்லாத காரியமாக இருந்தது என்பதற்கு அந்தக் கட்டடத்தைவிட வேறு ஆவணம் தேவையில்லை.

நீராவிக் கப்பல் வந்ததும் காற்றின் கையிலிருந்து அட்டவணை கம்பெனியின் கைக்குப் போயிற்று. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று முறை வைத்துக் கப்பல் ஓட்டியது. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய ‘ரஜூலா’வும் அதன் தங்கை ‘ரோனா’வும் இந்தத் தடத்துக்கென்றே வந்தவை. ரஜூலா எட்டாயிரத்துச் சொச்சம் டன் கப்பல். தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக்குப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. இத்தனை பேரைக் கொள்ளும் கப்பல் அந்நாளில் உலகத்திலேயே அரிது.

என் தாத்தா வேதாரண்யம் பக்கத்துக்காரர். ரஜூலாவில் டெக்குப் பயணியாக வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏணி வழியாக ஏற வேண்டும். தகரப்பெட்டி, பாய், ஊறுகாய் ஜாடி இவ்வளவுதான் சாமான். பாயை விரித்த இடம்தான் பினாங்கு வரை அவரவர் வீடு. பெரியாரும் 1929 டிசம்பரில் மலாயாப் பயணத்துக்கு நாகப்பட்டினத்தில்தான் கப்பலேறினார். முதலாளியும் கூலியும் தலைவரும் தொண்டரும் போனது ஒரே தடம், தளம்தான் வேறு.

தாத்தா தன் பேச்சில் ரஜூலாவை ஒரு பஞ்சாங்கம் மாதிரி குறிப்பிடுவார். “போன ரஜூலாவுக்கு முந்தின ரஜூலாவில் கடிதம் வந்துச்சு” என்பார். ஊரில் பாட்டிக்குக் குழந்தை பிறந்தது, வயல் அடகுக்குப் போனது, தங்கை கல்யாணம் குறித்தது எல்லாம் அவருக்குக் கப்பல் கணக்கில்தான் நினைவிருந்தது. தபால், பணம், மணப்பெண், வெங்காயம், தமிழ்ப் பத்திரிகை என எல்லாம் அதில்தான் வந்தன. டெக்கில் படுத்து வருவது சுகமான பயணம் இல்லை. ஆனாலும் குறித்த நாளில் கப்பல் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையின் மேல்தான் கடல் தாண்டிய குடும்பங்கள் நின்றன.

துறைமுகத்தில் இறங்கினாலும் ஊருக்குள் போய்விட முடியாது. 1873இல் காலரா பரவிய பிறகு, 1874 நவம்பரில் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். இன்று மரினா சவுத்திலிருந்து ஃபெரி பிடித்துப் போய்ச் சோற்று மூட்டையை அவிழ்த்து உட்காருகிறோமே, அதே தீவுதான். கப்பலில் காலராவோ அம்மையோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் டெக்குப் பயணிகள் மொத்தப் பேரையும் அங்கே இறக்கினார்கள். துணிமணியை ஆவியில் போட்டு, ஆளை மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். 1930களில் ஆசியாவின் பெரிய தனிமைப்படுத்தும் நிலையங்களில் ஒன்றாக அது பெயர் பெற்றிருந்தது. கேபின் டிக்கெட்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சோதனை இல்லை. ஒரே கப்பல், ஒரே காற்று, ஒரே கிருமி. டிக்கெட்டின் விலைதான் யாரைத் தீவில் நிறுத்துவது என்று தீர்மானித்தது.

பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஜெரஜாக் தீவில் இதே அனுபவம். இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் தடுப்பூசிச் சான்றிதழ்ப் புத்தகம் வந்தது. அம்மை குத்திய தேதியும் மருத்துவர் முத்திரையும் இல்லாமல் கப்பலேற முடியாது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் பயணம் இல்லை என்று 2021இல் சொன்னபோது பலர் உலகம் காணாத புதுமையாக அங்கலாய்த்தார்கள். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் தாத்தாவின் மஞ்சள் புத்தகம் இன்னும் இருக்கிறது.

அட்டவணையை நிறுத்துவது நோய் மட்டும் அல்ல. 1938இல் இந்திய அரசு, உதவித்தொகையோடு மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. கூலிக் குறைப்பும் தோட்டங்களில் தமிழர் நடத்தப்பட்ட விதமும் அதற்குக் காரணம். தடை நியாயமானது. ஆனால் அண்ணனைப் பின்தொடர்ந்து தம்பி வரும் வழக்கம் அத்தோடு மெலிந்தது. அடுத்து போர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மூன்றரை ஆண்டுகள் கப்பல் இல்லை, தபால் இல்லை. இங்கே உயிரோடு இருப்பவர்களுக்கு ஊரில் கருமாதி செய்துவிட்ட குடும்பங்களைப் பற்றி என் அப்பா சொல்லியிருக்கிறார். ரஜூலா போர்ப்பணிக்குப் போய் உயிரோடு திரும்பியது. ரோனா திரும்பவில்லை. 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானத்தின் குண்டில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் அமெரிக்கப் படைவீரர்கள். வேதாரண்யத்துக்காரர்களும் மன்னார்குடிக்காரர்களும் பாய் விரித்துப் படுத்த தளத்தில், யாரோ ஒரு தூரதேசத்துப் பையன்கள் செத்தார்கள்.

போர் முடிந்து கப்பல் மீண்டும் வந்ததும் பலர் ஊருக்கு ஓடினார்கள். சிலர் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் இன்னொரு கதவு மூடத் தொடங்கியது. 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதுவரை பிரிட்டிஷ் குடிமகன் என்ற பெயரில் கப்பலேறி வந்து இறங்கியவர்கள் இனி அனுமதித் தாளோடு வர வேண்டும். தொழில்திறனோ குறிப்பிட்ட சம்பளத்தில் வேலையோ இங்கே குடும்பமோ இருந்தால்தான் இடம். கப்பல் அதே நாளில் வந்தது, அதில் ஏறக்கூடிய ஆள் மாறிவிட்டார்.

இப்போது விமானத்துக்கு வருவோம். காலாங் விமான நிலையம் 1937 ஜூனில் திறந்தபோது அதில் ஏறியவர்கள் வெள்ளைக்காரர்களும் பெருவணிகர்களும். ஏர் இந்தியா 1954இல் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களை வாங்கிச் சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பாயா லேபார் விமான நிலையம் திறந்தது. ஒருவரை வழியனுப்ப லாரி பிடித்துக் குடும்பத்தோடு பாயா லேபார் போன காலம் அது. மேல்மாடத்தில் நின்று, விமானம் கண்ணுக்கு மறையும் வரை கையசைப்பார்கள். ஆனால் டிக்கெட் விலை ஒரு துறைமுகத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். என் அப்பா தஞ்சோங் பகாரில் துறைமுகக் கழகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். 1964இல் அது துறைமுக ஆணையமாக மாறிய பிறகும் அதே வேலைதான். அவர் போனது கப்பலில்தான்.

1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது செம்பவாங் கடற்படைத் தளத்திலும் மற்றத் தளங்களிலும் வேலை செய்த தமிழர்களும் மலையாளிகளும் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பினார்கள். கையில் பணிக்கொடை, கூடவே மரப்பெட்டிகள், தையல் மெஷின், ரேடியோ. அத்தனை சாமானையும் கொண்டுபோக விமானத்தில் முடியாது. ரஜூலாவும் ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ கப்பலும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1973இல் ரஜூலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றியது. பிறகு அதிக நாள் ஓடவில்லை, உடைக்கப் போய்விட்டது. அதன் இடத்துக்கு ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. 1966இல் பிரான்சில் கட்டிய கப்பல், குளிரூட்டிய அறைகள் கொண்டது. 1985 பிப்ரவரி 12 அன்று வங்கக்கடலில் அதில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அத்தோடு சிங்கப்பூருக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே பயணிகள் கப்பல் முடிந்தது. நூறாண்டுக்கும் மேலாக ஓடிய நாகப்பட்டினம் தடம் மறுபடி எழவே இல்லை.

அதன் பிறகு எல்லாம் விமானம்தான். சாங்கி 1981 ஜூலை முதல் தேதி இயங்கத் தொடங்கியது. நான் டிக்கெட் தொழிலுக்கு வந்தது அதற்குப் பிறகு. மேசையில் ஏபிசி என்னும் தடிமனான புத்தகம் இருக்கும். உலகத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு விமானம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். டிக்கெட்டைக் கையால் எழுத வேண்டும். அடியில் சிவப்புக் கார்பன் பூசிய தாள்கள், நாள் முடிவில் விரலெல்லாம் சிவப்பு. பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் ஆள் விமான நிலையத்தில் நிற்பார். முத்துக்கருப்பனை எழுதி முடிக்க அந்தக் கட்டத்தில் இடம் போதாது. 2008 மே மாதத்தோடு காகித டிக்கெட்டை உலகம் முழுக்க நிறுத்தினார்கள். எனக்கு விரல் வெளுத்தது, தொழிலும் கொஞ்சம் வெளுத்தது.

சிராங்கூன் ரோட்டுத் தேக்கா வட்டாரத்தில் டிக்கெட் வாங்குவது தனி வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வொர்க் பெர்மிட்காரர்கள் நான்கைந்து பேராக வருவார்கள். ஒருவருக்குத்தான் டிக்கெட், மற்றவர்கள் யோசனை சொல்ல. முதல் கேள்வி விலை இல்லை, “எத்தனை கிலோ அண்ணே?” என்பதுதான். 20 கிலோவா 30 கிலோவா என்பதைப் பொறுத்துத்தான் கம்பெனி முடிவாகும். கோடாலித் தைலம், மைலோ, சாக்லெட், போர்வை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடுத்த கேள்வி, “திருச்சிக்கு இருக்கா?” சென்னையில் இறங்கி இரவெல்லாம் பஸ்ஸில் போவதைவிட, திருச்சியில் இறங்கினால் விடிவதற்குள் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, மன்னார்குடி எல்லாம் போய்விடலாம். மலிவு விலை விமானங்கள் 2000களில் திருச்சியைத் தொட்டபோது என் வாடிக்கையாளர்கள் வாழ்க்கையே மாறியது. தாய் இறந்தால் மறுநாள் தகனத்துக்குப் போய் நிற்க முடிந்தது. திருச்சிக்குப் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதி 2012இல்தான் கிடைத்தது. மக்கள் அதற்கு முன்பே அதைக் கொடுத்துவிட்டார்கள். நாகப்பட்டினத்தின் வேலையை இப்போது திருச்சி பார்க்கிறது.

2003இல் சார்ஸ் வந்தபோது விமானங்கள் குறைந்தன, கடை காற்று வாங்கியது. ஆனால் தடம் அறுந்துபோகவில்லை. மே மாதக் கடைசியில் சிங்கப்பூரை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், ஆடிக்குள் கூட்டம் திரும்பிவிட்டது. அந்த அனுபவம்தான் 2020இல் கோவிட் வந்தபோது எங்களை ஏமாற்றியது. ஒரு சீசன் போகும், பிறகு சரியாகிவிடும் என்று தேக்கா முழுக்க நினைத்தோம்.

2020 மார்ச் 23 முதல் இந்தியா வழக்கமான பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. அதே நாள் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பிருந்து சிங்கப்பூர் குறுகிய கால வருகையாளர்களுக்குக் கதவை மூடியது. இரண்டு பக்கமும் ஒரே நாள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் இருக்கைத் திறனில் 96 விழுக்காட்டை வெட்டியது. அதன் விமானங்கள் சில ஆஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்துக்குப் போய் வரிசையாக நின்றன. தேக்காவின் பெரிய கடையான முஸ்தபா செண்டர் ஏப்ரல் 2 அன்று மூடியது. மே முதல் தேதி சாங்கியின் இரண்டாம் முனையத்தையும் மூடினார்கள். வெளிநாட்டு ஊழியர்களின் தங்குவிடுதிகளில் நோய் பரவி, அவர்கள் அறைக்குள் அடைபட்டார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஒரு விமான நிறுவனம் ரொக்கம் தராமல் வவுச்சர்தான் தந்தது. வேலை போய் ஊர் திரும்பக் காத்திருக்கும் ஒருவர் அடுத்த ஆண்டுக்கான வவுச்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

மே 7 முதல் இந்திய அரசு ‘வந்தே பாரத்’ விமானங்களை விட்டது. மறுநாளே சிங்கப்பூரிலிருந்து டெல்லிக்கு ஒன்று போனது. பிறகு சென்னை, திருச்சி என்று தமிழ்நாட்டுக்கும் வந்தன. இந்தியத் தூதரகத்தில் பெயர் பதிய வேண்டும். கர்ப்பிணிகள், நோயாளிகள், முதியோர், வேலை இழந்தவர்கள் என்று முன்னுரிமை. அந்த விமானங்கள் இல்லாவிட்டால் பலர் இங்கேயே நொடிந்திருப்பார்கள், அதில் சந்தேகம் இல்லை. கொழும்பில் மாட்டிக்கொண்டவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரக் கடற்படையின் ‘ஜலஸ்வா’ கப்பல் போனது. கப்பல் காலம் திரும்பிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

ஆனால் பட்டியல் என்பது பட்டியல்தான். நான் டிக்கெட் போட்ட காலத்தில் பணம் இருந்தால் கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதோ அழைப்பு வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. துக்கமும் வளைகாப்பும் பெயர்ப் பட்டியலில் இடம் கேட்டு நின்றன. ஒரு தம்பி, அறந்தாங்கிப் பக்கம், அப்பாவுக்கு முடியவில்லை என்று என்னைத் தினமும் கூப்பிடுவார். “அண்ணே, என்னிக்குன்னு மட்டும் சொல்லுங்க, அதுவரைக்கும் அப்பாவைத் தாங்கச் சொல்றேன்” என்றார். எனக்குச் சொல்லத் தேதி இல்லை. அவர் கைபேசியில்தான் தகனத்தைப் பார்த்தார்.

2021 ஏப்ரலில் டெல்டா அலை. ஏப்ரல் 23 இரவு 11.59 முதல், 14 நாளுக்குள் இந்தியாவில் இருந்தவர்கள், நீண்டகால அனுமதிச்சீட்டு வைத்திருந்தாலும், சிங்கப்பூருக்குள் வர முடியாது என்றார்கள். ஊருக்குப் போனவர்கள் அங்கேயே நின்றார்கள். புருஷன் இங்கே, மனைவி அங்கே. சம்பளம் இங்கே, ஆள் அங்கே. அக்டோபர் 26 இரவுதான் அந்தத் தடை விலகியது. அப்போதும் வந்திறங்கினால் குறிப்பிட்ட இடத்தில் பத்து நாள் தனிமை. செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் பதிலாக இந்த முறை ஹோட்டல் அறை.

அதன் பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன நவம்பர் அறிவிப்பு. கட்டுப்பாடு தளர்ந்ததும் விமானம் தானாகப் பறந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அட்டவணை பிறப்பது அவ்வளவு எளிதல்ல. எந்த நாட்டு நிறுவனம் எத்தனை இருக்கைகளை ஓட்டலாம் என்பது இரண்டு அரசுகளின் ஒப்பந்தத்தில் இருக்கும். விமான நிலையத்தில் இறங்கவும் ஏறவும் நேரம் ஒதுக்கி வாங்க வேண்டும். பாலைவனத்தில் நின்ற விமானத்தைச் சோதித்துப் பறக்கத் தயாராக்க வேண்டும். விமானி தொண்ணூறு நாளுக்குள் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபயிற்சி. இவ்வளவும் ஆன பிறகுதான் விலை போட்டு டிக்கெட்டைத் திறப்பார்கள். அரசாங்கம் ஓர் இரவில் மூடிவிடலாம், விமான நிறுவனம் ஓர் இரவில் திறக்க முடியாது.

இந்தியா டிசம்பர் 15 முதல் வழக்கமான பன்னாட்டு விமானங்களை முழுமையாகத் திறப்பதாக நவம்பர் 26 அன்று சொன்னது. அதே நாளில்தான் ஒமிக்ரானுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பெயர் வைத்தது. டிசம்பர் முதல் தேதி அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். சிங்கப்பூர் தன் பக்கத்தில் டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை பயணத்தட விமானங்களுக்குப் புதிய டிக்கெட் விற்பதை நிறுத்தி வைத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்ப நினைத்தவர்கள் கணக்கெல்லாம் கலைந்தது. கடைசியில் 2022 மார்ச் 27 அன்று இந்தியா திறந்தது. அது ஏன் அந்தத் தேதி என்று பலர் யோசித்திருக்க மாட்டார்கள். மார்ச் கடைசி ஞாயிறு அது. உலக விமான நிறுவனங்களின் கோடைக்கால அட்டவணை தொடங்கும் நாள். அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்காலத்துக்கு. காற்று பார்த்துப் பாய் விரித்த மரைக்காயர் காலத்திலிருந்து ஆண்டை இரண்டாகப் பிரிக்கும் இந்த வழக்கம் மட்டும் போகவில்லை. ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூரும் பயணத்தட ஏற்பாட்டை எடுத்துவிட்டு, தடுப்பூசி போட்ட எல்லாருக்கும் கதவைத் திறந்தது.

இந்தக் கதையில் ஒன்றை மட்டும் நான் மறக்கத் தயாராக இல்லை. 2021 நவம்பரில் ஆறு விமானங்களை வகுத்தபோது சென்னை இருந்தது, டெல்லி இருந்தது, மும்பை இருந்தது. திருச்சி இல்லை. 2022 மார்ச் நடுவில்தான் பயணத்தடம் இந்தியாவின் எல்லா ஊர்களுக்கும் விரிந்தது. கட்டுமானத் துறை வொர்க் பெர்மிட்காரர்களுக்கு மனிதவள அமைச்சின் நுழைவு அனுமதி தனியாக வேண்டியிருந்தது. டெக்குப் பயணி தீவில் இறங்கினார், கேபின் பயணி நேரே ஊருக்குள் போனார் என்று சொன்னேனே, அந்த வரிசை நூறு ஆண்டில் முழுக்க மாறிவிடவில்லை. கதவு திறக்கும்போது தலைநகரம் முதலில் உள்ளே போகிறது. காவிரிப் படுகை பின்னால் நிற்கிறது.

நோய் மறுபடி வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமுடியாது. கதவை மூடவேண்டிய நாள் வந்தால் மூடத்தான் வேண்டும். மருத்துவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது சிறிய விஷயம். மூடும் அன்றைக்கே, வாரத்துக்கு ஒன்றானாலும், குறித்த கிழமையில் இரண்டு பக்கமும் போய்வரும் ஒரு விமானத்தை அட்டவணையில் விட்டு வையுங்கள். அது நோயாளிக்கும் துக்கத்துக்கும் வேலையிழந்தவருக்கும் என்று ஒதுக்குங்கள். தனிமை இருக்கட்டும், சோதனை இருக்கட்டும், கட்டணமும் இருக்கட்டும். தேதி மட்டும் முன்கூட்டித் தெரியட்டும். அந்த விமானம் போகும் ஊர்களில் சென்னையோடு திருச்சியும் இருக்கட்டும்.